தூக்காத துடுப்பு

நெய்யாற்றில் ஓர் ஓண நாளில் நடந்த தூண்டில் போட்டியில், என் கண்ணெதிரே ஒருவர் பிடித்த மீனை நான் காணவில்லை என்று காட்டிக்கொண்டேன். அதனால் பரிசு எனக்கு வந்தது. அவருக்குத் 'தோட்டா' என்ற பட்டப்பெயர் வந்தது. எங்கள் பக்கத்தில் அந்தப் பெயருக்கு, வெடி போட்டு ஆற்று மீனைக் கொல்கிறவன் என்று பொருள். ஒரு மனிதரைப் பற்றி ஆற்றங்கரையில் அதைவிடக் கேவலமாகச் சொல்ல ஒன்றும் இல்லை.

இதை எழுதும்போது எனக்கு எழுபத்தெட்டு வயது. மறைக்க இனி ஒன்றுமில்லை. அந்த மனிதரும் அவர் மனைவியும் எனக்குச் செய்ததைச் சொல்ல வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன். நான் செய்ததைச் சொல்லாமல் அதைச் சொல்ல வழியில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடைப்பட்ட ஒரு பள்ளியில் தமிழ் வழி வகுப்புகளுக்குப் புவியியல் கற்பித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர் வாசகசாலைக்காரர்கள் ஓணத்துக்கு உறியடி, கயிறிழுப்பு என்று நடத்துவார்கள். ஒரு வருடம் யாருக்கோ தோன்றி, சிறுவள்ளத்தில் இருந்துகொண்டு தூண்டில் போடும் போட்டியையும் சேர்த்தார்கள். சிறுவள்ளம் என்பது ஒருவர் மட்டும் உட்காரக்கூடிய ஒடுங்கிய மரவள்ளம். பலமாகத் தும்மினால் ஒரு பக்கம் சாயும். இப்போது பூவார்ப் பக்கம் வரும் சுற்றுலாக்காரர்கள் 'கயாக்' என்று பளபளக்கும் பிளாஸ்டிக் படகில் போவதைப் பார்க்கிறேன். எங்களுடையது அதற்குக் கறுத்துக் கனத்த அண்ணன். திருவோணத்துக்கு மறுநாள் காலை, இரண்டு மணி நேரம், பெரிய மீன் பிடித்தவருக்குப் பரிசு. அவ்வளவுதான் போட்டி.

ஆரம்பத்தில் வேறு விதி எதுவும் இல்லை. அப்போதுதான் ஒருவர் கை நீளத்தில் ஒரு சூரை மீனைத் தூக்கிக்கொண்டு, வள்ளம் ஒதுங்கும் கடவில் வந்து இறங்கினார். சூரை கடல் மீன். எடை போட வந்திருந்த மீன்காரம்மா செவுளைத் தூக்கிப் பார்த்தார். உள்ளே ஐஸ் துண்டு.

"எலே, இது என்னவாக்கும்?" என்றார் மீன்காரம்மா.

"ஆத்துத் தண்ணி இண்ணைக்கு அம்புட்டுத் தணுப்பாக்கும் அக்கா" என்றார் அவர், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல்.

கரை முழுக்கச் சிரித்தது. ஆனால் அடுத்த வருடம் ஒரு விதி வந்துவிட்டது. சீட்டுக் குலுக்கி வள்ளங்களை இரண்டிரண்டாகச் சேர்ப்பார்கள். ஒருவருக்கு மற்றவர் அயல் வள்ளம். கூப்பிடு தூரத்தை விட்டு விலகக் கூடாது. ஒருவருக்கு மீன் தூண்டிலில் ஏறி வருவதைக் கண்டால் அயல் வள்ளக்காரர் துடுப்பைத் தலைக்குமேல் நிமிர்த்திப் பிடிக்க வேண்டும். கரையில் இருக்கும் நடுவர் அதைப் பார்த்து எழுதிக்கொள்வார். துடுப்பு உயராத மீன் தராசில் ஏறாது.

நான் அதுவரை எந்த விளையாட்டிலும் கலந்துகொண்டவன் அல்ல. இதில் சேர்ந்ததற்கு எங்கள் பள்ளிக் கணக்கு ஆசிரியர்தான் காரணம். ஆசிரியர் அறையில் எல்லார் முன்னாலும் சொன்னார்: "சாரு பூகோளத்துல எல்லா ஆறும் கண்டவராக்கும். ஆனா ஆத்துல எறங்கி ஒரு மீன் பிடிக்க முடியுமா? சாரு பரிசு வாங்கினா நான் எனக்க மீசைய எடுக்கேன்." அவருடைய மீசை ஊரறிந்த மீசை. நான் அன்றே பெயர் கொடுத்தேன்.

சீட்டில் எனக்கு அயல் வள்ளமாக வந்தவர் வெடி வைத்துக் கல் உடைக்கும் பாறைமடையில் வேலை செய்பவர். என்னைவிட நாலைந்து வயது இளையவர். வெடிச்சத்தம் கேட்டுக் கேட்டு ஒரு காது மந்தம். அதனால் பக்கத்தில் இருப்பவரிடமும் அக்கரையில் நிற்பவரிடம் பேசுவதுபோலத்தான் பேசுவார். அவருடைய மகள் என் வகுப்பில் படித்தாள்.

"சாறே, வள்ளத்துல கிளாஸ் எடுக்கப்பட்டதுபோல நிமுந்து இரியாதீங்க. மீனெல்லாம் எளும்பி நிண்ணு வணக்கம் சொல்லும்" என்றார், நான் உட்கார்ந்ததும்.

நான் சற்றுக் குனிந்தேன். இரைக்கு நான் கோதுமை மாவு உருட்டிக் கொண்டுபோயிருந்தேன். ஒரு மணி நேரம் ஒன்றும் தொடவில்லை. அவர் வள்ளத்தை அருகே கொண்டுவந்து என் கிண்ணத்தை எட்டிப் பார்த்தார்.

"கோதம்ப மாவா? சாறே, இஞ்ச மீனுக்குச் சர்க்கர வியாதி இல்லயாக்கும்."

தன் தேங்காய்ச் சிரட்டையில் இருந்த மண்புழுக்களில் பாதியை எனக்குத் தந்தார். என் தூண்டில் தாழம்புதரில் சிக்கியபோது, நான் இழுத்து அறுத்துவிடுவதற்கு முன் அவரே போய், முள்ளில் கை கீற, எடுத்துத் தந்தார். அவர் தந்த புழுவில்தான் எனக்கு மீன் ஏறியது. இரண்டு கை அகலக் கரிமீன். அது தண்ணீரை விட்டு முழுதாக வெளிவருமுன்னரே அவர் துடுப்பு தலைக்குமேல் போய்விட்டது.

"ஏறிச்சு! சாருக்கு ஏறிச்சு! எல்லாரும் கண்டுக்கிடுங்க!"

கரையில் கைதட்டினார்கள். ஒலிபெருக்கியில் அறிவிப்பாளர் மலையாளத்திலும் தமிழிலும் என் பெயரைச் சொன்னார். அதுவரை வந்த மீன்களில் என்னுடையதே பெரியது. கணக்கு ஆசிரியர் கரையில் மீசையைத் தடவிக்கொண்டு நின்றது எனக்குத் தெரிந்தது. எனக்குள் ஏற்பட்ட சந்தோஷத்தை இன்றும் மறுக்கமாட்டேன். நாற்பத்தைந்து வயதுக்குமேல் முதல் தடவையாக ஓர் ஊர் என்னைப் பார்த்துக் கைதட்டியது.

விசில் ஊத இன்னும் பத்து நிமிடம் இருந்திருக்கும். கடல் ஏற்றத்தில் உப்புத் தண்ணீர் மேலே ஏறிவரும் நேரம். அந்தத் தண்ணீரோடு செம்பல்லி மீன் வரும். அவருடைய மூங்கில் கம்பு சட்டென்று வளைந்தது. நான் இருபதடி தூரத்தில், அவருக்கு நேர் எதிரே இருந்தேன். வெயில் என் முதுகுப் பக்கம். மீன் ஒரு தடவை புரண்டு சிவப்பு வயிற்றைக் காட்டியது. தூண்டில் அதன் வாயில் இல்லை, இடது செவுளுக்கு அடியில் கொளுவியிருந்தது. அதனால் அது பக்கவாட்டில் இழுத்தது. வள்ளம் ஆடியது. அவர் துடுப்புப் பிடியால் அதன் தலையில் ஓங்கி ஓர் அடி அடித்து உள்ளே தூக்கிப் போட்டார். என் கரிமீனைப் போல் இரண்டைச் சேர்த்தாலும் அந்த மீனுக்கு ஈடாகாது.

என் துடுப்பு மடியில் கிடந்தது. கை தானாக அதைத் தூக்கியது. ஒரு சாண் தூக்கியது. அப்போது நான் கரையைப் பார்த்தேன். கணக்கு ஆசிரியரைப் பார்த்தேன். துடுப்பை மெல்லத் திரும்பவும் மடியில் வைத்துவிட்டு, அக்கரைப் பக்கம் முகத்தைத் திருப்பி, மிதந்துகொண்டிருந்த என் தக்கையைப் பார்க்கத் தொடங்கினேன்.

"சாறே! கண்டீங்களா? சாறே!"

அவர் குரல் கேட்காமல் இருக்க முடியாது. நான் தக்கையையே பார்த்தேன். விசில் ஒலித்துவிட்டது.

கடவில் இறங்கியதும் நடுவர் சொன்னார், துடுப்பு உயரவில்லை, எழுதவில்லை என்று. மீன்காரம்மா மீனின் வாயைத் திறந்து பார்த்தார். வாயில் தூண்டில் தடம் இல்லை.

"செவுளடியிலயாக்கும் கொளுவிச்சு" என்றார் என் அயல் வள்ளக்காரர். "சாரு நேரே எதுக்க இருந்தாரு. சாருட்ட கேளுங்க."

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் சொன்ன வாக்கியம் எழுத்துக்கு எழுத்து நினைவிருக்கிறது. "நான் என் தூண்டிலையே கவனித்துக்கொண்டிருந்தேன்." படித்தவன் ஆகையால் எனக்கு அப்படி ஒரு வாக்கியம் கிடைத்தது. காணவில்லை என்று சொல்லவில்லை. கண்டேன் என்றும் சொல்லவில்லை. கேட்டவர்கள் தங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டார்கள்.

"சாரு காணல்லேண்ணா அப்பிடி ஒண்ணு நடக்கல்லேண்ணு அர்த்தம்" என்றார் நடுவர்.

கூட்டத்தில் ஒரு குரல்: "மடையில தோட்டாவுக்கா பஞ்சம்?"

"சத்தம் ஒண்ணும் கேக்கல்லியே?" என்றார் வேறொருவர்.

"நேத்தைக்குப் போட்ட வெடியாக்கும். மீனுக்க தல கலங்கிக் கெடக்கது கண்டீரா?"

சிரிப்பு எழுந்தது. அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். மீனை ஓலையீர்க்கில் கோத்து எடுத்துக்கொண்டு வரப்பு வழியே போனார். எனக்குப் பாலராமபுரம் நெசவுச் சேலை, பொன்சரிகைக் கசவுக் கரை வைத்தது, பரிசாகக் கிடைத்தது. மறுநாள் காலை கணக்கு ஆசிரியர் மொட்டை மேலுதட்டுடன் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். என் மனைவி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நானும் சிரித்தேன்.

தோட்டா என்ற பெயர் ஒரு வாரத்தில் பக்கத்துக் காரோடு ஊர் வரைக்கும் போய்விட்டது. நெய்யாற்றின்கரை பஸ்ஸில் கண்டக்டர், "தோட்டா எறங்கணும், வழி விடுங்க" என்று சொல்வதை நானே கேட்டேன். மடையில் வெடிமருந்து அறையின் சாவி பல வருடமாக அவரிடம் இருந்தது. அதை வாங்கி வேறொருவரிடம் கொடுத்தார்கள். ஆற்றில் எங்காவது வெடிச்சத்தம் கேட்டால், இரண்டு பேர் அவர் வீட்டுக்குப் போய்ச் சட்டியைத் திறந்து பார்த்துவிட்டு வந்தார்கள். இவை ஒவ்வொன்றும் என் காதுக்கு வந்தன. ஆசிரியர் அறையில் எனக்கு எதிரே மீசை இல்லாத ஒரு முகம் தினமும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தது.

ஆறேழு மாதம் அப்படிப் போயிற்று. ஒரு நாள் வகுப்பில் நெய்யாறு எந்த மலையில் உற்பத்தியாகிறது என்று கேட்டேன். அயல் வள்ளக்காரரின் மகள் பதில் சொல்ல எழுந்தாள். அவள் நன்றாகப் படிப்பவள். வாயைத் திறக்குமுன் பின்வரிசையிலிருந்து யாரோ, "தோட்டா" என்றார்கள். வகுப்பு சிரித்தது. அவள் பதில் சொல்லாமல் உட்கார்ந்துவிட்டாள். நான் பிரம்பை எடுத்து, "யார் சொன்னது, எழுந்திரு" என்றேன். யாரும் எழவில்லை. பிரம்புடன் நின்றேன். அந்த வகுப்பில் எழுந்து நிற்க வேண்டியவன் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தான்.

அன்று மாலை மனைவியிடம் சொன்னேன். அவள் அடுப்படியில் மரச்சீனிக் கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைத்தாள்.

"அந்தச் சாரியக் கெட்டிட்டு எத்தன ஞாயிறு நான் சர்ச்சில முட்டுக்குத்தினேன் தெரியுமா?" என்றாள். பிறகு, "அந்த வீட்டுக்கு எப்பம் போறீங்க?" என்றாள். போவீர்களா என்று கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும், துவைத்து மடித்த சேலையை எடுத்துக்கொண்டு போனேன். அவரும் மனைவியும் வீட்டு முற்றத்தில் நல்லமிளகு காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். நின்றபடியே சொன்னேன். உங்கள் மீனை நான் முழுவதும் கண்டேன், பரிசுக்காக மறைத்தேன் என்றேன். அவர் நல்ல காதைத் திருப்பி, "கொஞ்சம் ஒறக்கப் பறயுங்க சாறே" என்றார். இரண்டாம் தடவையும் உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது. அது வேண்டியதுதான்.

அவர் மனைவி பக்கம் திரும்பினார். "கேட்டியா? இப்பமாவது கேட்டியா?"

பிறகு என்னிடம் சொன்னார்: "சாருக்க துடுப்பு ஒரு சாண் பொங்கிச்சு. நான் கண்டேன். பின்ன தாந்துது. அண்ணைக்கே வந்து இவகிட்ட பறஞ்சேன். இவ நம்பல்ல. சாரு அப்பிடிச் செய்யமாட்டாரு, நீருதான் என்னமோ செஞ்சீருண்ணு இவளாக்கும் பறஞ்சா."

அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டு மிளகைக் கையால் பரப்பிக்கொண்டே இருந்தார். ஊர் நம்பாதது எனக்குத் தெரியும். வீட்டுக்குள்ளும் அவரை நம்பாமல் செய்திருக்கிறேன் என்பது அந்த நிமிடம்தான் தெரிந்தது.

சேலையை நீட்டினேன். அவர் மனைவி நிமிர்ந்து பார்த்தார்.

"சாரி எனக்கு வேண்டாம் சாறே. அந்தப் பேர எடுத்து மாத்தித் தாருங்க. எனக்க மகளுக்க பேருக்குப் பொறத்தயும் அது வருது."

எடுத்துத் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். வாசகசாலைச் செயலாளரிடம் போனேன். "ஓணம் வரட்டு சாறே, அப்பம் மைக்கில பறயுங்க" என்றார். அதற்குள் நானே நாலைந்து பேரிடம் சொல்லிப் பார்த்தேன். எல்லாரும் என்னைக் கனிவோடு பார்த்தார்கள். அதன் பொருள் எனக்கு அப்போது விளங்கவில்லை.

அடுத்த ஓணத்தில், போட்டி தொடங்குமுன் ஒலிபெருக்கியைக் கையில் வாங்கினேன். எழுதிவைத்துப் படித்தேன். "சென்ற ஆண்டு நடைபெற்ற போட்டியில் எனது அயல் வள்ளக்காரர் நேர்மையாகப் பிடித்த மீனை நான் கண்டும் சாட்சி கூறத் தவறினேன்" என்று தொடங்கி ஒரு பக்கம். முடித்ததும் பெரிய கைதட்டல்.

நடுவர் ஒலிபெருக்கியை வாங்கினார். "கண்டீங்களா? இதாக்கும் வாத்தியார்! ஒரு பாவப்பட்டவனுக்கு வந்த கெட்ட பேரத் தனக்க தலையில ஏத்தி வைக்காரு. இந்த மனசு யாருக்கு உண்டு?"

மறுபடியும் கைதட்டல். யாரோ எனக்கு மாலைகூடக் கொண்டுவந்தார்கள். கூட்டத்தின் ஓரத்தில் அவரும் மனைவியும் நின்றார்கள். அந்த அம்மா முகத்தைப் பார்த்தேன். ஒரு வருடம் முன்பு எப்படி ஆயிற்றோ, அதேபோல மறுபடியும் பரிசு எனக்கே வந்துகொண்டிருந்தது.

நான் நடுவர் கையிலிருந்து ஒலிபெருக்கியைப் பிடுங்கினேன். என்ன சொல்கிறேன் என்று யோசிக்கவில்லை.

"எலே, கையத் தட்டாதீங்கலே! நான் கள்ளம் காட்டினேன். ரெண்டு கண்ணாலயும் கண்டேன். செவுளடியில கொளுவிச்சு, மீன் மலந்து செவப்பா திரும்பிச்சு, அவரு துடுப்புப் பிடியால அடிச்சாரு. கண்டுட்டு மொகத்தத் திருப்பினேன். எதுக்குண்ணு தெரியுமா? இந்தாளுக்க மீசைய எடுக்கதுக்கு!"

கணக்கு ஆசிரியரை விரல் நீட்டிக் காட்டினேன். பொது இடத்தில் ஊர்ப் பேச்சில் நான் பேசி யாரும் கேட்டதில்லை. கைதட்டல் நின்றுபோயிற்று. மீன்காரம்மாதான் முதலில் பேசினார்.

"சாரு உள்ளதாக்கும் பறயுதாரு. அந்த மீனுக்கு எடது செவுளடியில கீறல் உண்டு. நான் தொட்டுப் பாத்ததாக்கும். சாரே காணல்லேண்ணு நெனச்சு நானும் வாய மூடினேன்."

பிறகு கரையில் சத்தம் கிளம்பியது. பரிசுச் சேலையைத் திருப்பித் தரும்படி முன்வரிசையிலிருந்து யாரோ கேட்டார்கள். "வாத்தியாராம் வாத்தியார்" என்று ஒருவர் துப்பினார். கணக்கு ஆசிரியர் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு கூவினார்: "எனக்க மீசைய இனி யாரு திருப்பித் தருவா? ஆறு மாசம் நான் மொகத்த மறைச்சு நடந்தேனே!" சிரித்தவர்கள் இருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒலிபெருக்கியை வைத்துவிட்டு வீட்டுக்குப் போகத் திரும்பினேன்.

"சாறே!"

அக்கரைக்குக் கேட்கும் அதே குரல். அவர் இடுப்பளவு தண்ணீரில் இரண்டு சிறுவள்ளங்களைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எங்க போறீங்க? எனக்கு அயல் வள்ளம் வேண்டாமா? சீட்டுல யாரும் எனக்கு வரமாட்டேங்கானுவ. ஏறுங்க."

"நான் தூண்டில் கொண்டுவரவில்லை."

"தூண்டில் எதுக்கு? துடுப்பு போரும்."

அவர் அப்படிக் கூப்பிடாமல் இருந்திருந்தால் நான் அந்தக் கடவுக்கு மறுபடி வந்திருக்கமாட்டேன் என்று நினைக்கிறேன். ஏறி உட்கார்ந்தேன். இரண்டு மணி நேரம் அவர் தக்கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். வெயில் ஏறியது. நான் கண்ணைத் துடைத்தால், "அங்க இங்க பாக்காதீங்க சாறே, பழைய வழக்கமாக்கும்" என்பார். கரையில் கேட்டவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். ஒரு செம்பல்லியும் வரவில்லை. கடைசியில் உள்ளங்கை அளவுகூட இல்லாத ஒரு கரிமீன்குஞ்சு ஏறியது. நான் துடுப்பைத் தலைக்குமேல் நிமிர்த்தினேன். கை எட்டுமட்டும் நிமிர்த்தினேன். வள்ளம் ஆடியது. தண்ணீர் துடுப்பிலிருந்து வழிந்து சட்டைக் கைக்குள் இறங்கியது.

"கண்டேன்!" என்று கத்தினேன். "நான் கண்டேன்!"

கரையில் விசிலும் கூச்சலும். ஒலிபெருக்கியில் அறிவிப்பாளர் இரண்டு மொழியிலும் அவருடைய சொந்தப் பெயரைச் சொன்னார். நான் துடுப்பை இறக்கவில்லை.

"போரும் சாறே, எறக்குங்க" என்றார் அவர். "மீனு கருவாடாவும்."

அன்று பரிசு வேறு யாருக்கோ போயிற்று. தோட்டா என்ற பெயர் ஒரே நாளில் மறையவில்லை. ஆனால் யாராவது அப்படிக் கூப்பிட்டால், பக்கத்தில் நிற்பவர் திருத்தத் தொடங்கினார். ஒரு வருடத்துக்குள் அது கேட்காமலாயிற்று. எனக்குத் 'துடுப்பு சாரு' என்ற பெயர் வந்தது. ஓய்வு பெறும் வரை மாணவர்கள் என் முதுகுக்குப் பின்னால் அப்படித்தான் அழைத்தார்கள். இன்றும் மீன்சந்தையில் கேட்கிறேன். திரும்பிப் பார்க்கிறேன். என் மேல் இருந்த மரியாதையில் ஒரு பங்கு அன்றோடு போயிற்று. அது போனபிறகுதான் ஊரார் என் வீட்டுக்குள் கூச்சமில்லாமல் வந்து உட்கார ஆரம்பித்தார்கள். வெடிமருந்து அறைச் சாவி அவருக்குத் திரும்பக் கிடைத்தது. அதைக் காட்டுவதற்காகவே ஒருநாள் பள்ளி வாசலுக்கு வந்து, சாவிக்கொத்தை என் காதருகே ஆட்டிவிட்டுப் போனார்.

சேலை எங்கள் வீட்டு அலமாரியிலேயே இருந்தது. என் மனைவி பிறகு அதைத் தொடவில்லை. மற்றொரு ஓணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது, அவர் மனைவி எங்கள் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. என் மனைவியிடம், "டீச்சர்ம்மா, அந்தச் சாரி இன்னும் உண்டா?" என்று கேட்டார். என் மனைவி டீச்சர் இல்லை, ஆனால் ஊரில் எல்லாருக்கும் அவள் டீச்சர்ம்மாதான்.

"நான் பல ஞாயிறு உடுத்ததாக்கும். உடுத்த துணியக் குடுக்கப்பிடாதே" என்றாள் என் மனைவி.

"அதுனால என்ன? இப்பம் உடுத்தா யாரும் ஒண்ணும் பறயமாட்டாவ."

அந்த ஓணத்துக்கு மறுநாள், நானும் அவரும் வள்ளங்களைத் தண்ணீரில் இறக்கிக்கொண்டிருந்தபோது, மீன்காரம்மாவின் தராசுக்குப் பக்கத்தில் அவர் மனைவி நின்றார். அந்தச் சேலையின் கசவுக் கரை வெயிலில் மின்னியது. என் மனைவி அவருக்குக் குடை பிடித்திருந்தாள். என் அயல் வள்ளக்காரர் தூண்டிலில் புழுவைக் கோத்துக்கொண்டே கரையைப் பார்த்தார்.

"கண்டீங்களா சாறே?" என்றார்.

"கண்டேன்" என்றேன்.